ஊர்ப் பத்திரிகை நடத்துவது எப்படி? டீச்சரிடம் கேட்டவை

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் எங்கள் ஊர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம் நாலு பேர் சேர்ந்து ஒரு காலாண்டிதழ் தொடங்கினோம். இது பதினோராவது வருஷம். யாருக்கும் சம்பளம் கிடையாது. கடற்கரை ஊர்கள் சிலவற்றில் இப்போது இதே யோசனை ஓடுவதால் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். வந்தவற்றில் சில இங்கே.

டீச்சர், முதல் இதழ் 24 பக்கம், 500 பிரதி போடலாம் என்றிருக்கிறோம். சரியா? (கல்லூரி மாணவர், தொண்டி)

பக்கம் சரி தம்பி. நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நாலின் மடங்காக இருக்க வேண்டும். 22 பக்கத்துக்கு மட்டும் விஷயத்தோடு அச்சகத்துக்குப் போனால் மீதி இரண்டில் வாழ்த்து விளம்பரம்தான் ஏறும். பிரதிதான் அதிகம். ஊரில் எத்தனை வீடு என்று எண்ணி, மேலே ஒரு ஐம்பது சேருங்கள். ஆஃப்செட் அச்சில் பக்கத்தைப் பதிக்கும் தகடான பிளேட்டின் செலவு எத்தனை பிரதிக்கும் ஒன்றுதான், 300-க்கும் 500-க்கும் பெரிய வித்தியாசம் வராது என்பார்கள். உண்மைதான். மீந்த 200 யார் வீட்டுப் பரணுக்குப் போகும் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் முதல் இதழ் என் வீட்டில் இன்னும் கிடக்கிறது, கரையான் தின்றது போக.

செல்போனில் அடித்துக் கொடுத்தால் டி.டி.பி. கடையில் எழுத்தெல்லாம் சிதறிவிடுகிறதே? (பெரியபட்டினம்)

நீங்கள் அடிப்பது யூனிகோடு. கடைக்காரர் பழைய பாமினி எழுத்துருவில் வேலை செய்கிறார். ஒன்றை மாற்றாமல் இன்னொன்றில் ஒட்டினால் குப்பையாகத்தான் தெரியும். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒற்றெழுத்துகளை ஒருமுறை பாருங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அச்சில் மணப்பெண் முகம் மசங்கிவிடும், அப்புறம் அந்த வீட்டுக்குச் சந்தா கேட்டுப் போக முடியாது.

உங்களுக்கு நேர்ந்த பெரிய தப்பு எது? (பாம்பன்)

மூன்றாம் வருஷம் ஒரு நிக்காஹ் செய்தி. காலமானவர் பெயருக்கு முன்னால் எங்கள் பக்கம் 'மர்ஹூம்' என்று போடுவார்கள். மாப்பிள்ளையின் பாட்டனாருக்கு விழ வேண்டிய மர்ஹூம், ஒரு வரி தள்ளி, உயிரோடு இருக்கும் மாமா பெயரில் விழுந்துவிட்டது. புரூஃப் பார்த்தது நான்தான். இதழ் போன அன்று சாயங்காலமே மனிதர் வீட்டு வாசலில் நிற்கிறார், கையில் பத்திரிகை. "டீச்சர், நான் எப்ப மவுத்தானேன்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவர் சம்சாரம் சிரிக்கவில்லை. கொடுத்த பிரதிகளை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கி, மைதா பசை காய்ச்சி, சரியான வரியை அச்சடித்த துண்டை 280 பிரதியிலும் ஒட்டினோம். மாமாவும் உட்கார்ந்து ஒட்டினார். அன்றிலிருந்து கல்யாணமோ காரியமோ, அந்தந்த வீட்டார் முன்னால் சத்தமாகப் படித்துக்காட்டாமல் எதுவும் அச்சுக்குப் போவதில்லை. கட்டுரையில் எழுத்துப் பிழை வந்தால் ஊர் மன்னித்துவிடும். பெயரில் வந்தால் மன்னிக்காது. தகப்பன் பெயர், தெருப்பெயர், பட்டப்பெயர் உட்பட எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே பெயரில் எங்கள் ஊரில் ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

எழுத ஆளே கிடைப்பதில்லை. கேட்டால் கடலுக்குப் போகணும் என்கிறார்கள். (மண்டபம்)

கடலைப் பார்த்து இதழை வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அது முடிந்து ஆனி, ஆடியில் காற்று எழும்பினால் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்தால் அப்படியே தலைகீழ். எந்தப் பக்கத்து ஆள் எப்போது கரையில் இருப்பார் என்பது உங்களுக்கே தெரியும். அவரை எழுதச் சொல்லாதீர்கள். வலை பொத்திக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிவு செய்து, வீட்டில் வந்து எழுதுங்கள்.

கேள்வியும் சின்னதாக இருக்கட்டும். 1964 புயலைப் பற்றி ஒரு பெரியம்மாவிடம் "எப்படி இருந்தது" என்று கேட்டேன், "பெரிய காத்து" என்றதோடு சரி. "அன்னைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டீங்க" என்றேன். ஒரு மணி நேரம் பேசினார். அடுப்புக்குள் தண்ணீர் வந்ததிலிருந்து தொடங்கினார்.

விசைப்படகு, நாட்டுப்படகு தகராறை எழுதலாமா? இலங்கையில் பிடிபட்டவர்களைப் பற்றி? (தங்கச்சிமடம்)

தகராறை எழுதலாம், ஒரே இதழில் இரண்டு பக்கத்தாரும் பேசினால். ஒருவர் இந்த இதழில், மற்றவர் அடுத்த இதழில் என்றால் மூன்று மாதம் நீங்கள் தெருவில் நடக்க முடியாது.

பிடிபட்ட செய்தி நாளிதழிலும் டிவியிலும் அன்றே வந்துவிடும், அதில் நாம் போட்டி போட வேண்டாம். ஆறு மாதம் கழித்து, பிடித்து வைத்த படகின் கடன் என்ன ஆயிற்று, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்பதை எழுத நம்மை விட்டால் ஆள் இல்லை. அந்த வீட்டுப் பெண் சம்மதித்தால் மட்டும் பெயர் போடுங்கள்.

'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டால் பதிவு வேண்டாமாமே? (ராமநாதபுரம்)

அட்டையில் அச்சடித்துவிட்டால் சட்டம் விலகிப் போய்விடாது. 1867-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் வந்த பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பொதுச் செய்தியோ அதன் மேல் கருத்தோ தாங்கி முறையாக வரும் இதழ் அதில் அடங்கும். விண்ணப்பம் இணையத்திலேயே. இரண்டு மூன்று பெயரை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்ததை வேறு யாராவது ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள்.

துபாயில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு? (கீழக்கரை)

பி.டி.எஃப். போதும், ஆனால் ஊரில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்த பிறகு. தபால் செலவு மிச்சம். நன்கொடை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. அதற்காக அட்டைப்படம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடற்பாசி எடுக்கப் போகும் அக்காமார் பலருக்குப் படிக்கத் தெரியாது. அவர்களுக்கு எதற்குப் பத்திரிகை என்கிறார் எங்கள் தலைவர். (மண்டபம் பக்கத்து ஊர்)

உங்கள் தலைவரை ஒரு நாள் கரைக்கு அனுப்பி வையுங்கள். எங்கள் ஊரில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் இதழை முழுக்க வாசித்து வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புகிறாள். பாசியை உலர்த்திவிட்டு நிழலில் உட்காரும்போது ஒருவர் போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கேட்பார்கள். முதலில் காலமானவர் பக்கம், அப்புறம் கல்யாணம், அப்புறம்தான் மற்றதெல்லாம். போன இதழில் என் தலையங்கத்தைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனார்களாம். அந்தப் பெண்ணே சொன்னாள்.