கர்ணனின் கவசம் ஏன் வெடித்தது?

வாசகர் கேள்வி – பதில்
(பதில் சொல்பவர் திருப்பூரில் பிரிண்டிங் பட்டறை நடத்தி ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் கர்ணன் வேடத்துக்காக, காடாத் துணியில் சில்வர் எனாமல் பெயின்ட் அடித்துக் கவசம் செய்தோம். ஒத்திகை வரை ஜோராக இருந்தது. மேடையில் பையன் உட்கார்ந்ததும் வயிற்றுப் பக்கம் அப்பளம் மாதிரி வெடித்து உதிர்ந்துவிட்டது. துணி துணியாகவே மடங்க வேண்டும், பார்வைக்கு மட்டும் உலோகமாக இருக்க வேண்டும். வழி உண்டா?
– ஆசிரியை, மணப்பாறை

பதில்: உண்டு டீச்சரம்மா. முதலில் அந்த எனாமல் டப்பாவை ஜன்னல் கம்பிக்குக் கொடுத்துவிடுங்கள். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிற சரக்கு. காய்ந்துவிட்டது என்று நாம் நினைத்த பிறகும் உள்ளுக்குள் இறுகிக்கொண்டே போகும். கம்பியும் கதவும் மடங்குவதில்லை, அதனால் அங்கே தொல்லை இல்லை. காடாவிலோ நூலுக்குள் ஊறி, நூல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாக்கிவிடும். மடக்கினால் வெடிக்காமல் என்ன செய்யும்?

சில்வர் பெயின்டில் மினுக்குவது மாவுபோல் உருண்டையான பொடி இல்லை. தட்டையான, கண்ணுக்குத் தெரியாத அலுமினியச் சில்லுகள். அவை படுத்துக் கிடந்தால்தான் வெளிச்சத்தை ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்பும். தாறுமாறாக நின்றால் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். இந்தச் சில்லுகளைத் துணியோடு பிடித்து வைப்பது பைண்டர். பொடி ஏற ஏற மினுக்கும், ஆனால் மடக்கினால் உதிரும். பைண்டர் ஏற ஏற மடங்கும், ஆனால் மினுக்கல் செத்துவிடும். எங்கள் பிழைப்பே இந்த இரண்டுக்கும் நடுவில் பேரம் பேசுவதுதான். கடைக்குப் போகிறவர்கள் எல்லாம் “நல்ல பொடி கொடுங்க” என்று கேட்கிறார்கள். நல்ல பைண்டர் கொடுங்கள் என்று கேட்கிற ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

துணிப் பிரிண்டுக்கான அக்ரிலிக் பைண்டர் காய்ந்தாலும் ரப்பர் குணத்தோடு இருக்கும். திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் சாயக் கெமிக்கல் கடைகளில் நிறமில்லாத ‘கிளியர் பேஸ்ட்’ என்று கேட்டால் தருவார்கள். 100 கிராம் பேஸ்டுக்கு 15 முதல் 20 கிராம் வரை பொடி போதும். அதற்கு மேல் போட ஆசை வரும், போடாதீர்கள். பேஸ்ட் கிடைக்காத ஊர் என்றால் ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் மெட்டாலிக் ஃபேப்ரிக் கலர் போதும். அதிலும் உள்ளே இருப்பது இதே கூட்டணிதான். சாதா அக்ரிலிக் பெயின்ட்தான் கையில் இருக்கிறது என்றால், அதைத் துணியில் மடங்கும்படி இளக்குகிற ஃபேப்ரிக் மீடியம் என்ற திரவத்தைக் கலந்துகொள்ளுங்கள்.

துணி விஷயத்திலும் ஒன்று. காடா வேண்டாம். மேடு பள்ளமான துணியில் சில்லு எப்படிப் படுக்கும்? நெருக்கமாக நெய்த பாப்ளின், இல்லையென்றால் காட்டன் சாட்டின் எடுங்கள். கடைத் துணியில் கஞ்சி இருக்கும். அலசிக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகு அட்டையில் இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளித் தோற்றத்துக்கு அடியில் கறுப்பு, பொன்னுக்கு அடியில் காவி அல்லது பழுப்பு. கறுப்புத் துணியாகவே வாங்கிவிட்டால் ஒரு வேலை மிச்சம். வெள்ளைத் துணியின் மேல் அடித்த சில்வர் தூரத்திலிருந்து பார்த்தால் பால் கலந்த சாம்பலாகத் தெரியும். கறுப்பின் மேல் அடித்தால் இரும்பாகத் தெரியும்.

தட்டைப் பிரஷ்ஷால் ஒரே திசையில், மெல்லிசாக இழுங்கள். காய்ந்ததும் இன்னொரு கை. ஒரே பூச்சில் தடிமனாக ஏற்றினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நிற்கும். ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, பூச்சுப் பக்கம் வெள்ளைத் தாள் வைத்துத் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கமாகக் காட்டன் சூட்டில் இஸ்திரி போடுங்கள். பட்டறையில் இதை க்யூரிங் என்போம். 150 டிகிரியில் மூன்று நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம் வரை ஓட விடுவோம். வீட்டு இஸ்திரிப் பெட்டியில் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் வைக்க முடியாது, நகர்த்திக்கொண்டே பல முறை போக வேண்டும். சூடு பட்டால்தான் பைண்டர் பின்னிப் பிடிக்கும். அழுத்தம் படுவதால் சில்லுகளும் இன்னும் கொஞ்சம் படுத்துக்கொள்ளும். தாளை எடுத்துவிட்டுப் பாருங்கள், போட்டதற்கும் போடாததற்கும் மினுக்கலில் வித்தியாசம் தெரியும்.

கவசத்தை ஒரே துண்டாக வெட்டாதீர்கள். மார்பு ஒரு துண்டு, வயிற்றுக்கு மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பட்டைகள். பையன் குனிந்தால் பட்டை நகரும், பூச்சு மடங்க வேண்டியதே இல்லை. தெருக்கூத்துக்காரர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று புஜக்கட்டையையும் மார்ப்பதக்கத்தையும் லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்டிவிடுகிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் அதற்கு ஈடு எங்கள் பேஸ்ட் இல்லை. ஆனால் ஏழாம் வகுப்புப் பையன் அதைச் சுமக்க வேண்டுமே.

கேள்வி: அலுமினியப் பொடியைத் தண்ணீர்ப் பேஸ்டில் கலந்து பாட்டிலில் மூடி வைத்தேன். நான்கைந்து நாளில் பாட்டில் உப்பிவிட்டது. கெட்டுப்போயிற்றா?
– டி-ஷர்ட் பிரிண்ட் செய்யும் இளைஞர், பல்லடம்

பதில்: கெட்டதோ இல்லையோ, முதலில் ஜன்னலைத் திற தம்பி. அலுமினியமும் தண்ணீரும் சேர்ந்து ஹைட்ரஜன் வாயு விட்டிருக்கிறது. பேஸ்டைக் கெட்டியாக்க அம்மோனியா சேர்த்திருப்பார்கள், காரம் சேர்ந்தால் இது இன்னும் சுருக்காக நடக்கும். பக்கத்தில் பீடி, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். மூடியை மெதுவாகத் தளர்த்தி, வெளியில் காற்றோட்டமாக வை. இனி அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் அன்றன்றைக்குக் கலந்துகொள். தண்ணீர்ப் பேஸ்டுக்கு என்றே மேல்பூச்சுப் போட்ட அலுமினியம் வருகிறது, விலை கூட. அதற்கு மனசில்லை என்றால் மைக்கா, அதாவது அப்ரகச் சில்லில் செய்த சில்வருக்கு மாறிவிடு. மினுக்கல் கண்ணாடிபோல் இருக்காது, முத்துபோல் இருக்கும். ஆனால் உப்பாது.

உலர்ந்த அலுமினியப் பொடியை ஃபேன் அடியில் கொட்டாதே. பறக்கும் பொடியில் தீப்பொறி பட்டால் குபீரென்று பற்றும். மாஸ்க் இல்லாமலும் தொடாதே.

கேள்வி: தங்கப் பிரிண்ட் போட்ட ரவிக்கை அக்குளில் மட்டும் கறுத்துப் பச்சையாகிவிட்டது. மற்ற இடமெல்லாம் புதிதாகவே இருக்கிறது.
– இல்லத்தரசி, காரைக்குடி

பதில்: உங்கள் ரவிக்கையில் இருப்பது பித்தளைப் பொடி ஆச்சி. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த சரக்கு. வியர்வையின் உப்பும் புளிப்பும் பட்டால் குத்துவிளக்கு கறுப்பதுபோல இதுவும் கறுக்கும். விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கலாம், ரவிக்கையை முடியாது. தேய்த்தால் சில்லே போய்விடும். அடுத்த தடவை வாங்கும்போது மைக்காவில் செய்த தங்கமா என்று கேளுங்கள். மைக்காச் சில்லின் மேல் டைட்டானியம் டையாக்சைடும் இரும்பு ஆக்சைடும் பூசி அந்தப் பொன்னிறத்தை வரவழைக்கிறார்கள். உலோகமே இல்லாததால் கறுக்க அங்கே ஒன்றும் இல்லை. நிறம் கொஞ்சம் சாதுவாக இருக்கும் என்பது மட்டும்தான் குறை.

கேள்வி: விண்வெளி வீரர்களின் வெள்ளி உடுப்பும் நீங்கள் சொல்கிற மாதிரிப் பூச்சுதானா? அதைப் போட்டால் நெருப்பு தாங்குமா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: படங்களில் பார்க்கிற அந்தப் பளபளக்கும் உடுப்பு அமெரிக்காவின் மெர்க்குரித் திட்டத்துடையது. 1961 மே 5-ஆம் தேதி ஆலன் ஷெப்பர்டு மேலே போனபோது போட்டிருந்தது. வெளிப்பக்கம் அலுமினியம் ஏற்றிய நைலான், உட்பக்கம் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் பூசிய நைலான். அதற்கு முன்பே, துணி போர்த்திய விமானங்களின் இறக்கையில் அலுமினியப் பொடி கலந்த ‘டோப்’ என்ற பூச்சை அடித்தார்கள். அழகுக்கு இல்லை, வெயிலின் புற ஊதாக் கதிர் துணியை அரிக்காமல் தடுக்க. 1937-இல் எரிந்த ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலின் போர்வையும் அலுமினியப் பொடி கலந்த டோப் பூசிய பருத்தித் துணிதான். ஆனால் அவர்கள் பூசியது இழுத்துக் கட்டிய துணியில். கட்டியபடியே இருக்கும், மடங்க வேண்டியதில்லை. அதனால் அவர்களுக்கு அந்தப் பேரம் எளிது.

நெருப்பு தாங்குமா என்றால், நம் வீட்டுப் பூச்சு நிச்சயம் தாங்காது. அக்ரிலிக் எரியும், அடியில் பருத்தியும் எரியும். மணப்பாறை டீச்சரம்மாவும் கேட்டுக்கொள்ளுங்கள்: மேடையில் கற்பூரத் தட்டு, தீப்பந்தம் எதுவும் கர்ணன் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: பூச்சுக்குப் பதில் ஃபாயில் ஒட்டினால் கண்ணாடி மாதிரியே வருகிறதே, அதையே போட்டுவிடலாமா?
– தையற்கடை நடத்துபவர், சேலம்

பதில்: மடங்காத இடத்துக்குத் தாராளமாகப் போடலாம். கிரீடம், பட்டை, தோள் பதக்கம் எல்லாவற்றுக்கும் ஃபாயில்தான் ராஜா. பாலியெஸ்டர் ஃபிலிமின் மேல் ஆவியாகப் படிய வைத்த அலுமினியம் அது. தங்க ஃபாயிலில்கூட உள்ளே இருப்பது அலுமினியம்தான், மேலே மஞ்சள் லாக்கர். அந்தப் படலம் இழுபடாது. பனியன் துணியில் ஒட்டி உடம்பில் போட்டால் முதல் இழுப்பிலேயே மயிரிழை விரிசல்கள் தெரியும். இழுவைத் துணிதான் வேண்டும் என்றால் பேஸ்டுக்கே திரும்பி வாருங்கள். ஃபாயில் போட்ட உருப்படியைத் திருப்பிப் போட்டு, பச்சைத் தண்ணீரில் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் போடுங்கள். அதன் முகத்தில் நேராக இஸ்திரிப் பெட்டி வைத்தால் ஃபாயில் பெட்டியோடு போய்விடும்.