போட் அடியில பழைய பெயின்ட்: சோடா அடிச்சு எடுக்கலாமா?

வாழைச்சேனையில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவர்ட 34 அடி பைபர் போட், வாங்கின நாள்ல இருந்து அன்டிஃபவுலிங் பெயின்ட் (சிப்பி, பாசி ஒட்டாம அடியில பூசுறது) ஒண்டுக்கு மேல ஒண்டா பூசிப் பூசி இப்ப அடியில ஓடு ஓடா கழண்டு விழுதாம், கிரைண்டர் பிடிச்சு கை ஓஞ்சு போச்சு, கொம்பிரசர் காத்தோட பீச்சி மணல் அடிச்சு எடுக்கிறதா சோடா அடிக்கிறதா எண்டு கேக்கிறார்.

மணல் வேணாம் தம்பி. இரும்புக்கு மணல் சரி, பைபருக்கு அடிச்சா பெயின்டோட சேர்த்து ஜெல்கோட்டையும், அதான் பைபருக்கு மேல இருக்கிற வழவழப்பான தோலையும் தின்டுரும், மறுகா அதைக் கட்டி எடுக்கிற செலவு பெயின்டை விட பெருசு. சோடா எண்டு சொல்றது நாங்க அப்பத்துக்குப் போடுற அதே அப்பச்சோடாதான், ஆனா கடையில விக்கிற மாவு மாதிரியானது இல்ல, இதுக்கெண்டு வாற பருமனான மணி. அது மென்மையான சாமான், பட்ட உடனே தானே நொறுங்கிப் போகும், அந்த நொறுங்கிற வேகத்தில பெயின்ட் கழண்டு வரும், கீழ இருக்கிற ஜெல்கோட் பெருசா அடிபடாது. அதுக்காக ஒரே இடத்தில நோசிலைப் பிடிச்சிட்டு நிக்காதீங்க. காத்து அமுக்கத்தை 60 பிஎஸ்ஐக்குக் கீழ வச்சு, ஒண்டரை ரெண்டு அடி தள்ளி நிண்டு, சரிச்சுப் பிடிச்சு அடிக்கணும். முதல்ல ஒரு சாண் இடத்தில அடிச்சுப் பாத்திட்டு மிச்சத்துக்குப் போங்க.

கனபேர் பிழைக்கிற இடம் கொம்பிரசர். டயர் கடையில இருக்கிறது காணாது, ரோட்டுல கல் உடைக்க இழுத்துக்கொண்டு வருவாங்களே டீசல் கொம்பிரசர், நிமிசத்துக்கு 185 கன அடி காத்து (சிஎப்எம்) தாற அளவுல, அது வேணும். அதை விட முக்கியம் காத்துல ஈரம் இருக்கக்கூடாது. நம்மட கரையோரக் காத்து சும்மாவே ஈரம், அது கொம்பிரசருக்குள்ள போய் தண்ணியா மாறி வரக்குள்ள சோடா கட்டிபட்டு குழாய் அடைச்சிடும். நான் முதல் தரம் செஞ்சப்ப அரை நாள் சோடா போடுற பொட்டியைக் கழட்டிக் கழட்டித் துப்பரவாக்கினதுதான் வேலை. ஈரம் பிரிக்கிற பில்டரும் டிரையரும் இல்லாம தொடங்கவே வேணாம்.

சிப்பி பிடிச்சிருந்தா முதல்ல சுறண்டி எடுத்திருங்க, சோடா அதை அசைக்காது. புரொப்பல்லர் ஷாஃப்ட், அடியில இருக்கிற ஓட்டைகள், தண்ணிக் கோட்டுக்கு மேல உள்ள நல்ல பெயின்ட் எல்லாத்தையும் மூடி டேப் ஒட்டுங்க, எஞ்சின் காத்து இழுக்கிற வாயையும்.

ஒண்டைக் கட்டாயம் சொல்லணும். சோடா தண்ணியில கரைஞ்சிடும், அதால ஒண்டும் ஆகாது எண்டு சனம் கதைக்குது. சோடா கரையும், பெயின்ட் கரையாது. அந்தப் பெயின்டுக்குள்ள இருக்கிறது செம்பு, சிப்பி ஒட்டாம இருக்கவே போடுறது, அது இறாலுக்கும் நண்டுக்கும் நஞ்சு. போட் இன்னும் பழசெண்டா அடி அடுக்கில டின் எண்ட உலோகம் (வெள்ளீயம்) சேர்த்த நஞ்சுப் பெயின்டும் கிடக்கலாம், அதுக்கு 2008ல உலக அளவுல தடை வந்திட்டு. வாவியிலயும் கடல்லயும் இறால் பிடிச்சு சீவிக்கிற ஆக்கள் பக்கத்திலயே இருக்கக்குள்ள அந்தத் தூளைத் தண்ணிக்கு விடுறது பெரிய அநியாயம். கீழ தறப்பாள் விரிங்க, சுத்தியும் கட்டுங்க, கச்சான் காத்து இழுக்கிற நாள்ல அடிக்காதீங்க, விழுந்ததைக் கூட்டி உரப்பேக்கில கட்டி வைங்க. மூக்குல சேலைத்துண்டு கட்டினாக் காணாது, பில்டர் போட்ட மாஸ்க் வேணும். மரக்கண்டு, புல்லு இருக்கிற இடத்திலயும் வேணாம், உப்புச் சத்தில கருகிப் போகும்.

அடிச்சு முடிஞ்ச உடனே வேலை முடிஞ்ச மாதிரி வெள்ளையா வடிவா இருக்கும், அதுல ஏமாறவேணாம். சோடா ஒரு படலமா ஒட்டி நிக்கும், அதுக்கு மேல பெயின்ட் பூசினா ஒரு வருசம் தாங்காது. நல்லதண்ணியால தேச்சுத் தேச்சு ரெண்டு மூணு தரம் கழுவுங்க, வினாகிரி கலந்த தண்ணியால ஒருக்கா துடைச்சு மறுகாவும் கழுவுங்க. சின்னச் சின்னக் கொப்பளம் இருந்தா சோடா அதைத் திறந்து காட்டிரும், பயப்பட வேணாம், காயவிட்டு எப்பொக்சி பட்டி வைங்க. சோடா அடிச்ச இடம் வழவழப்பா இருக்கும், பெயின்ட் பிடிக்காது, 80ம் நம்பர் மணல் பேப்பர் போட்டுட்டுத்தான் பிரைமர்.

காஞ்சிட்டா எண்டு பாக்க ஒரு முழத் துண்டு பிளாஸ்டிக்கை நாலு பக்கமும் டேப் ஒட்டி ராவைக்கு விடுங்க. விடிய உள்பக்கம் வேர்த்திருந்தா இன்னும் காயவிடுங்க. ஐப்பசி மழை தொடங்க முந்தி செய்தாத்தான் இந்தக் காயப்போடுற வேலை ஒழுங்கா நடக்கும்.