21 மாதத்தை எண்ணுகிறவர் 24 மாதத்தில் திரும்புவாரா?

கேள்வி: எனக்கு வயது 35. சொந்த ஊர் கும்பகோணம். பெங்களூரில் கார் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். மனைவி கொல்கத்தாக்காரர், பிசியோதெரபிஸ்ட். காதல் திருமணம்; இரண்டு வீட்டாரும் இப்போது சமாதானமாகிவிட்டார்கள். மகளுக்கு 3 வயது 4 மாதம். அவள் என்னோடு தமிழும் அவள் அம்மாவோடு வங்காளமும் பேசுகிறாள். நானும் மனைவியும் பேசிக்கொள்வது ஆங்கிலம். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது, செப்டம்பரில் சேர வேண்டும். நான்காவதாக ஜெர்மனும் சேர்ந்தால் குழந்தை குழம்பிவிடுவாளா? பொங்கலும் துர்கா பூஜையும் தெரியாமலே வளர்ந்துவிடுவாளா? அவளை ஜெர்மன் மழலையர் பள்ளியில் சேர்ப்பதா, ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதா? மனைவி வேலையை விட்டுவிட்டு வரச் சம்மதித்துவிட்டார். எத்தனை வருடம் என்று கேட்கவே இல்லை. புளூ கார்டில், அதாவது உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான வசிப்பு அனுமதியில், போகிறவர்களுக்கு 21 மாதத்திலேயே நிரந்தர வசிப்புரிமை கிடைக்கிறது என்பதால் மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அப்பா இல்லை. அம்மாவிடம் இரண்டே வருடம் என்று சொல்லிவைத்திருக்கிறேன், அவருக்கு அது போதும். மாடிப் போர்ஷனை வாடகைக்குக் கேட்டு வந்தவரைக்கூட, 'பையன் வந்து இருப்பான்' என்று சொல்லிப் பாசத்தில் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு பண்பாட்டையும் இழக்காமல் குழந்தை வளர என்ன செய்ய வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்: நீங்கள் கேட்டவற்றுக்கு முதலில் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் வேறு. நான்கு மொழிகளைக் கேட்டு வளர்வதால் குழந்தை குழம்பிப்போவதில்லை. சில காலம் ஒரே வாக்கியத்தில் மூன்று மொழிச் சொற்களைக் கலந்து பேசுவாள். பிறகு யாரிடம் எதைப் பேச வேண்டும் என்பதை அவளே பிரித்துக்கொள்வாள். ஒரு மொழி அவளிடம் தங்குமா என்பது, அந்த மொழியில் அவளோடு பேச ஆள் உண்டா, தினமும் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. எந்தப் பள்ளி என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் நீங்கள் அங்கே எத்தனை காலம் இருக்கப்போகிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டு இடத்தில் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அம்மாவிடம் இரண்டே வருடம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய வரிகளில், 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள். தம்பி, 24-ஆவது மாதம் மூட்டை கட்டப்போகிறவருக்கு 21-ஆவது மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை எதற்கு? மூன்று மாதம் அதை வைத்துப் பார்த்து மகிழ்வதற்கா? புளூ கார்டு வைத்திருப்பவருக்கு ஏ1 அளவு, அதாவது தொடக்கநிலை ஜெர்மன் தெரிந்தால் 27 மாதம், பி1 என்ற இடைநிலை அளவு தெரிந்தால் 21 மாதம் என்பது அந்த நாட்டு விதி. அந்த ஆறு மாதத்தைக் குறைப்பதற்காக, வேலை முடிந்து களைத்து வந்த பிறகும் மொழி வகுப்பில் உட்காருகிறீர்கள். உட்காருங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அப்படி உட்காருகிறவர் திரும்பி வருவதற்காகப் போகவில்லை என்பது எனக்கே தெரியும்போது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

இந்த 'இரண்டு வருடம்' எனக்குப் பழைய அறிமுகம். வளைகுடாவுக்குப் போனவர்களின் குடும்பங்கள் எழுதிய கடிதங்களில் அது இருந்தது, ஹெச்1பி விசாவில் அமெரிக்கா போனவர்களின் கடிதங்களிலும் இருந்தது. ஒருவர்கூட ஒன்றரை வருடம் என்றோ மூன்று வருடம் என்றோ சொல்லிவிட்டுப் போனதாக எனக்கு நினைவில்லை. கேட்கிற தாய் தாங்கிக்கொள்ளும் அளவுக்குக் குறைவாகவும், சொல்கிற மகனுக்கு முழுப் பொய் என்று உறுத்தாத அளவுக்கு நீளமாகவும் இருப்பது அந்த ஒரு கணக்குதான்.

'அவருக்கு அது போதும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொற்றொடரில்தான் எனக்குக் கோபம் வந்தது. போதும் என்று முடிவு செய்தது யார்? மாடிப் போர்ஷனுக்கு வந்தவரை அவர் திருப்பி அனுப்பியதைப் பாசம் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். பாசம் இருக்கட்டும், மகன் சொன்ன தேதியை நம்பி ஒரு பெண்மணி எடுத்த பண முடிவு அது. மாத வாடகை 7,000 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு வருடத்துக்கு 1,68,000 ரூபாயை உங்கள் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்காக அவர் விட்டுக்கொடுக்கிறார். பத்து வருடமானால் 8,40,000 ரூபாய். அவர் குடும்ப ஓய்வூதியத்தில் வாழ்கிறாரா, சேமிப்பிலா, நீங்கள் அனுப்பும் பணத்திலா என்பதைக்கூட உங்கள் கடிதம் சொல்லவில்லை. பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. மாடியில் ஒரு குடும்பம் இருந்தால், இரவில் குளியலறையில் வழுக்கி விழுந்த கிழவி கூப்பிட்டால் கேட்க ஓர் ஆள் இருக்கும். காலையில் வாசல் தெளிக்கவில்லையே என்று எட்டிப் பார்க்க ஒருத்தி இருப்பாள். உங்களுக்காகப் பூட்டி வைத்த மாடி அந்த ஆளையும் சேர்த்துத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறது.

மனைவி எத்தனை வருடம் என்று கேட்கவில்லை என்பதை அவருடைய நல்ல குணமாகச் சொல்கிறீர்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். புளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு முன்கூட்டியே மொழித் தேர்வு தேவையில்லை, போன நாளிலிருந்து வேலை பார்க்கவும் அனுமதி உண்டு. இதை உங்கள் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாதது, பிசியோதெரபி அங்கே அங்கீகாரம் பெற்ற பிறகே செய்யக்கூடிய தொழில் என்பது. கல்லூரியின் பாடத்திட்டம், பயிற்சி மணிக்கணக்கு, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் மொழிபெயர்த்து மாநில அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும். பொதுவாக பி1-க்கு அடுத்த படியான பி2 அளவு ஜெர்மன் வேண்டும். குறை இருப்பதாக அவர்கள் கருதினால் பயிற்சியோ தேர்வோ முடிக்க வேண்டும். இதற்கு வருடங்கள் ஆகலாம். இரண்டு வருடத்தில் திரும்புவதானால் அவர் இதைத் தொடாமல் குழந்தையோடு இருந்துவிட்டு வந்துவிடலாம். பத்து வருடமானால், படித்த கல்லூரிக்கு அவர் இந்த மாதமே போய்ச் சான்றிதழ்களை வாங்க வேண்டும். அவர் எதைச் செய்வது என்பது, நீங்கள் வாயைத் திறந்து சொல்லும் எண்ணைப் பொறுத்திருக்கிறது.

மகளின் வயதையும் இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். ஜெர்மனியில் ஒரு வயது முடிந்த குழந்தைக்கு மழலையர் காப்பகத்தில் இடம் கேட்க 2013 ஆகஸ்டு முதல் சட்ட உரிமை உண்டு. இடம் கிடைப்பது வேறு விஷயம். நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். கிடைத்தாலும் முதல் சில வாரங்கள் பெற்றோரில் ஒருவர் கூடவே போக வேண்டும். முதல் நாட்களில் அறை மூலையில் ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம், அரை மணி நேரம் என்று வெளியே போய்ப் பழக்க வேண்டும். அந்த நாற்காலியில் உட்காரப்போவது யார் என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள், அது தானாக உங்கள் மனைவியுடையதாகிவிட வேண்டாம். ஆறு வயதில் பள்ளி கட்டாயம். வீட்டிலேயே வைத்துச் சொல்லித்தருவது அங்கே அனுமதிக்கப்படுவதில்லை. நீங்கள் சொன்னபடி இரண்டு வருடத்தில் திரும்பினால் அவள் பள்ளியில் சேரும் முன்பே இங்கே வந்துவிடுவாள். 'இன்னும் ஒரே வருடம்' என்று நீட்டினால் அவள் முதல் எழுத்தை ஜெர்மனில் எழுதுவாள், அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் திரும்புவது கடினமாகும். ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நான்காம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிந்து போகிறார்கள். அந்த வாசலில் நிற்கும் பத்து வயதுப் பெண்ணிடம், பாட்டிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், பெட்டியைக் கட்டு என்று சொல்லப் போகிறீர்களா?

பண்டிகைகளைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். அந்த மாநிலத்தில் கோடை விடுமுறை ஜூலை கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் நடுவில் முடியும். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து, பொங்கலுக்குச் சில நாள் முன்பே பள்ளி திறந்துவிடும். பள்ளி நாளில் குழந்தையை ஊருக்கு அழைத்துப் போக அங்கே எளிதில் அனுமதி கிடைக்காது. ஆகவே அவள் பள்ளியில் சேர்ந்த பிறகு கும்பகோணம் பார்க்கப்போவது பெரும்பாலும் ஆடியிலோ ஆவணியிலோதான். துர்கா பூஜைக்குக் கொல்கத்தா போவதும் அநேகமாக நடக்காது. பொங்கலுக்கு வருவதானால் அவள் பள்ளியில் சேரும் முன் வரும் மூன்று பொங்கல்தான் உங்கள் கையில் இருக்கின்றன. நீண்ட காலம் இருக்கப் போகிறோம் என்பதை ஒப்புக்கொண்டவர்தான் இப்படி எண்ணிப் பார்த்துப் பயணச்சீட்டு வாங்குவார். 'இரண்டு வருடம்தானே' என்பவர் மூன்றையும் தவறவிடுவார்.

தமிழும் அப்படித்தான். குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நீங்கள் மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பும்போது கும்பகோணத்தில் இரவு பத்து, அம்மா தூங்கியிருப்பார். அவர் விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருக்கப்போவது உங்கள் மகளும், தமிழ் தெரியாத உங்கள் மனைவியும். அந்த அழைப்பை மனைவி தலையில் கட்டாதீர்கள். காலை ஏழு மணிக்கு, கும்பகோணத்தில் பதினொன்றரை ஆகும்போது, குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டியபடி நீங்களே தினமும் அழையுங்கள். 1983-க்குப் பிறகு அகதிகளாகப் போன ஈழத்தமிழர்கள் ஜெர்மனியின் பல நகரங்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளைக் கட்டி வளர்த்திருக்கிறார்கள். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் விசாரித்துச் சேருங்கள். திரும்பிப் போக ஊர் இல்லை என்று தெரிந்து போனவர்கள் அவர்கள். அதனால்தான் முதல் நாளிலிருந்தே பள்ளி கட்டினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

அம்மாவைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஓடினால், அதையும் விவரம் தெரிந்து எண்ணுங்கள். சுற்றுலா விசாவில் அவர் 180 நாளில் 90 நாள் இருக்கலாம். 2024 மார்ச் 1-க்குப் பிறகு முதல்முறை அனுமதி பெறும் திறன்பெற்ற பணியாளர்கள் பெற்றோரையும், துணையும் அங்கே நிலையாக வாழ்ந்தால் அவருடைய பெற்றோரையும் வாழ அழைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அவர்களுக்கு மருத்துவக் காப்பீடு உட்பட வாழ்க்கைச் செலவுக்கு வழி காட்ட வேண்டும், வயதானவருக்குக் காப்பீடு கிடைப்பதே அங்கே பெரும்பாடு. அது முடியுமா என்று நீங்கள் விசாரித்து முடிக்கும் வரை அம்மாவிடம் அந்த ஆசையைக் காட்டாதீர்கள். ஒரு பொய் போதும். இடையில் ஒன்று கேட்கிறேன்: உங்கள் மாமியாரைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லையே, அவரிடம் எத்தனை வருடம் என்று சொல்லியிருக்கிறீர்கள்?

வெளிநாடு போகும் மகனை நான் குற்றம் சொல்வதில்லை. தாயின் பக்கத்திலேயே இருப்பதுதான் கடமை என்று நம்பும் தலைமுறையைச் சேர்ந்தவள்தான் நான். ஆனாலும் பக்கத்தில் இருக்க முடியாத மகன் செய்ய வேண்டிய கடமை ஒன்று இருக்கிறது, அது தன் இன்மையைத் தாய் சரியாக அளந்து, அதற்கேற்பத் தன் வாழ்வை ஒழுங்குசெய்துகொள்ள விடுவது. உங்கள் அம்மா கணவரை இழந்து தனியாக வீட்டை நடத்துகிறவர். அவர் உண்மையைத் தாங்க மாட்டார் என்பது உங்கள் பயமே தவிர அவருடைய பலவீனம் இல்லை. நீங்கள் பயப்படுவது அவர் அழுவதைப் பார்க்க வேண்டியிருக்குமே என்பதற்குத்தான்.

எனவே மனைவியோடு முதலில் உட்கார்ந்து பேசி, ஒரே எண்ணை முடிவு செய்யுங்கள். முடிவு செய்ய முடியாவிட்டால் தெரியவில்லை என்பதையே முடிவாகக் கொள்ளுங்கள். பிறகு கும்பகோணம் போங்கள். தொலைபேசியில் சொல்லாதீர்கள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டும் சொல்லாதீர்கள். மதியச் சாப்பாடு முடிந்து அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, 'அம்மா, நான் இரண்டு வருடம் என்று சொன்னது சரியில்லை, பத்து வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்' என்று சொல்லிவிட்டு, அவர் பேசும் வரை நீங்கள் பேசாமல் இருங்கள். கோபப்படுவார், அழுவார், அன்று இரவு சாப்பிட மாட்டேன் என்றும் சொல்வார். அன்றே பேருந்து ஏறிவிடாமல் இரண்டு நாள் அங்கேயே இருங்கள். அவசரத்துக்கு எந்த மருத்துவமனை, யார் கூட்டிக்கொண்டு போவது, சாவி யாரிடம் இருக்கும் என்பதை அந்த இரண்டு நாளில் பேசி எழுதி வையுங்கள். மாடிக்குக் கேட்டு வந்தவரின் தொலைபேசி எண் அம்மாவிடம் இருக்கும். அதை வாங்கி, வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று நீங்களே அவரிடம் பேசுங்கள். அவருக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது என்றால், ஊரை விட்டுக் கிளம்பும் முன் வாசலில் 'வீடு வாடகைக்கு' என்று ஓர் அட்டையைக் கட்டிவிட்டு வாருங்கள்.