பயிற்றுவிப்பாளரை மாற்றினால் இலங்கை ஹொக்கி அணி தேறுமா?

தேறாது என்றே நினைக்கிறேன். 2018 ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியாவிடம் 20-0 என்று தோற்ற அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் கோளாறு தரையிலிருந்தே தொடங்குகிறது.

1976 மொன்ட்ரியலில்தான் ஒலிம்பிக் ஹொக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரைக்குப் போனது. தண்ணீர் தெளித்த அந்தத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு பாயும். மாத்தளைப் பக்கம் நாங்கள் பழகியதோ மழைக்குச் சேறாகிற மண்ணில். பந்து சிறு கல்லில் பட்டாலும் முழங்காலுக்குத் துள்ளும். மட்டையால் அதை அடக்குவதற்குள் எதிராளி வந்துவிடுவான். அப்படிப் பழகிய கை ஒரு மாத முகாமில் மாறாது, பாவம் பிள்ளைகள்.

சரி, நிர்வாகத்திடம் என்ன கேட்கலாம்? மலையகப் பாடசாலைப் பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை மணிநேரம் செயற்கைத் தரை கிடைக்கிறது என்று கேளுங்கள்.