மீன்பிடி போட்ல பிள்ளைங்கள ட்யூப்ல இழுக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். நாங்க கனடாவுல, ஒன்டாரியோ பக்கம் அஜாக்ஸ்ல இருக்கோம். போன வருஷம் பழைய அலுமினியம் மீன்பிடி போட் ஒண்ணு வாங்கினேன். பதினாறரை அடி, பின்னாடி 50 ஹெச்பி அவுட்போர்டு மோட்டார், ஸ்டீரிங் வெச்சது, முன்னாடி மெதுவா நகத்துற ட்ரோலிங் மோட்டார், ரெண்டு உயரமான சீட்டு. மீன் பிடிக்க அருமையா இருக்கு. இப்ப பையனுக்கு 13, பொண்ணுக்கு 9. பக்கத்து காட்டேஜ் பிள்ளைங்க போட் பின்னாடி கயிறு கட்டி இழுக்கிற காத்தடைச்ச ட்யூப்ல போறத பாத்துட்டு நமக்கும் வேணும்னு ஒரே பிடிவாதம். அதுக்குன்னு தனி போட் வாங்க வசதி இல்ல. ஆகஸ்ட்ல ஒரு வாரம் ரைஸ் லேக்ல காட்டேஜ் எடுத்திருக்கோம், நாங்க நாலு பேரு, கூட என் மச்சான். இந்த போட்லயே ட்யூப் இழுக்கலாமா, தண்ணியில வழுக்கிட்டு போற ஸ்கீயும் போகலாமா? பையன் ஓட்டலாமா?

பதில்: இழுக்கலாம் தம்பி, ஆனா ஒரு தடவைக்கு ஒரு ஆள் தான். 50 ஹெச்பிக்கு உங்க பொண்ணு ஒரு பாரமே இல்ல, பையனையும் இழுத்துடும். ரெண்டு பேரையும் ஒரே ட்யூப்ல போட்டு, போட்குள்ள மச்சான், வீட்டம்மா, ஐஸ் பெட்டி எல்லாத்தையும் ஏத்திட்டு கிளம்பினீங்கன்னா மோட்டார் திணறும், போட் மூக்க தூக்கிட்டு நிக்கும், முன்னாடி என்ன வருதுன்னே உங்களுக்கு தெரியாது. இன்னொண்ணும் இருக்கு. 9 வயசு பிள்ளைக்கு மணிக்கு 15 கிலோமீட்டர் வேகமே தாராளம், ஆனா அந்த வேகத்துல உங்க போட் தண்ணி மேல ஏறி வழுக்கிட்டு ஓடாது, தண்ணிய உழுதுட்டு தான் போகும். அதனால ட்ரிம்ம, அதாவது மோட்டார் சாய்வ, முழுசா இறக்கி வைங்க, மீன உயிரோட வைக்கிற லைவ்வெல் தொட்டி தண்ணிய காலி பண்ணுங்க, தூண்டில் சாமான் வைக்கிற டேக்கிள் பெட்டி எல்லாம் கரையிலயே இருக்கட்டும். நீங்க ஓட்டணும், இன்னொரு பெரியவங்க பின்னாடி பாத்துட்டு உக்காரணும், ஒரு பிள்ள தண்ணியில, மத்தவங்க டாக்ல, அதாவது போட் கட்டுற கரையோர மேடையில. எத்தனை பேரு, எவ்வளவு எடை, எத்தனை ஹெச்பின்னு போட்ல ஒரு தகடு ஒட்டியிருக்கும், மொதல்ல அதப் படிங்க. அதுல 5 பேருன்னு போட்டிருந்தா தண்ணியில இருக்கிற பிள்ளையும் அந்த 5-ல சேத்தி தான்.

இப்ப நான் சொல்லப்போறது தான் எனக்கு முக்கியமா படுறது. உங்க போட் சின்னதுன்னு நான் பயப்படல, அதுக்குள்ள இருக்கிற மீன்பிடி சாமான நெனச்சு தான் பயப்படுறேன். எங்க வீட்டுல நடந்தத சொல்றேன். காலையில மீன் பிடிச்சுட்டு வந்து, தூண்டில எல்லாம் ஓரமா சாத்தி வெச்சுட்டு, மத்தியானம் அதே போட்ல பிள்ளைங்கள கூட்டிட்டு கிளம்பிட்டோம். என் பையன் ட்யூப்ல இருந்து ஈரக்காலோட உள்ள ஏறினான், கார்ப்பெட்ல ஒரு பழைய லூர், அதான் செயற்கை இரை, கிடந்திருக்கு, மூணு முள்ளு ஹூக், அதுல ரெண்டு முள்ளு பாதத்துல ஏறிடுச்சு. முள்ளோட கொக்கி உள்ள போனா வெளிய இழுக்க முடியாது, இழுத்தா சதை கிழியும். ஆஸ்பத்திரிக்கு போய் எடுத்து, டெட்டனஸ் ஊசி போட்டு, மீதி லீவு பூரா அவன் கரையிலயே உக்காந்திருந்தான். அன்னையில இருந்து எங்க வீட்டுல மீன் பிடிக்கிற நாளும் ட்யூப் போற நாளும் வேற வேற. ஒரே நாள்ல ரெண்டும் வேணும்னா நடுவுல ஒரு மணி நேரம் ஒதுக்கி எல்லாத்தையும் எறக்கி, கார்ப்பெட்ட கையால தடவாம ஒரு காந்தத்த வெச்சு தடவி பாருங்க, கண்ணுக்கு படாத ஹூக்கெல்லாம் வந்து ஒட்டும்.

தூண்டில் செருகுற ராட் ஹோல்டர கழட்டுங்க, கயிறு அதுல மாட்டினா ஹோல்டர் பேத்துட்டு வந்து யார் மூஞ்சியிலயாவது அடிக்கும். பின்பக்கம் ட்ரோல் பண்ண சின்ன மோட்டார் தனியா மாட்டியிருந்தா அதையும் எறக்கிடுங்க. அப்புறம் அந்த உயர சீட்டு ரெண்டும். அது போட் நிக்கும்போதும் மெதுவா நகரும்போதும் தூண்டில் வீசுறதுக்கு போட்ட சீட்டு. இழுக்கிற நேரத்துல அதுல யாரும் உக்காரக் கூடாது, முன்னாடி மேடையில பிள்ளைங்க உக்காரவே கூடாது. அங்கிருந்து விழுந்தா போட் மேல ஏறிடும், ப்ரொப்பெல்லர் பின்னாடியே வருது.

கயிற எங்க கட்டுறதுன்னு நீங்க கேக்கல, ஆனா நெறைய பேரு தப்பு பண்றது அங்க தான். ஓரத்துல டாக்ல கட்டுற கிளீட் இருக்கே, அதுல கட்டாதீங்க, சீட்டுக் கம்பியில கட்டவே கட்டாதீங்க. ஒரு பக்கமா இழுத்தா போட் அந்தப் பக்கமே திரும்பிட்டு இருக்கும், ஸ்டீரிங்கோட மல்லுக்கட்டணும். போட்டோட பின் பலகையில ரெண்டு பக்கமும் வளையம் இருக்கும், அந்த ரெண்டையும் சேத்து வி மாதிரி வர்ற டோ ஹார்னஸ்னு கடையில விக்குது, நடுவுல மிதவையும் கப்பியும் இருக்கும், கயிறு மோட்டார் மேல உரசாம அதுல ஓடும். வாங்குறதுக்கு முன்னாடி போட் மேனுவல பாருங்க, சில போட்ல அந்த வளையம் ட்ரெய்லர்ல கட்டுறதுக்கு மட்டும்னு போட்டிருப்பான். இழுக்கலாம்னு இருந்தாலும் வளையத்துக்கு உள்பக்கம் கைய விட்டு நட்டு, வாஷர் எல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாருங்க, பழைய அலுமினியத்துல அந்த எடத்துல விரிசல் விட்டிருக்கும்.

கயிறு ட்யூப்புக்குன்னு விக்கிறது தான் வாங்கணும், ஸ்கீ கயிறு வேண்டாம். ட்யூப் தண்ணிய அள்ளிட்டு வர்றதால ஸ்கீ போறவங்கள விட பல மடங்கு பாரமா இழுக்கும், கயிறு அறுந்தா சாட்டை மாதிரி போட்குள்ள வந்து விழும். ஒரு ஆள் ட்யூப்னா குறைஞ்சது 1,500 பவுண்டு, ரெண்டு ஆளுன்னா 2,375 பவுண்டு தாங்கணும், பாக்கெட்லயே போட்டிருக்கும். நீளம் 50-ல இருந்து 65 அடிக்குள்ள இருக்கட்டும். 60 அடி கயிறுன்னா நீங்க திரும்பும்போது ட்யூப் 18 மீட்டர் வரைக்கும் வெளிய வீசிட்டு போகும், அதுவும் உங்க போட்ட விட வேகமா. போட்டுக்கு எடம் இருந்தா பத்தாது, ட்யூப் சுத்துற எடமும் காலியா இருக்கணும், டாக்கு, பாறை, வேற போட் எதுவும் கூடாது. பெருசா வட்டம் போடுங்க. மச்சான் பின்னாடி உக்காந்து இன்னும் வேகமான்னு உசுப்பேத்துவாரு, கேக்காதீங்க.

லைஃப் ஜாக்கெட்ல ஒரு விஷயம், மீன் பிடிக்கிறவங்க கவனிக்க வேண்டியது. நம்ம பலபேரு கழுத்துல தோள்பட்டை மாதிரி மாட்டுற, தண்ணியில விழுந்தா காத்து ஊதிக்கிற டைப் வெச்சிருக்கோம். அது ட்யூப்புக்கும் ஸ்கீக்கும் ஆகாது, கனடாவுல 16 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்களுக்கும் 36.3 கிலோவுக்கு குறைஞ்சவங்களுக்கும் அதுக்கு அனுமதியே இல்ல. பிள்ளைங்களுக்கு நுரை வெச்ச ஜாக்கெட், அவங்க எடைக்கு சரியான சைஸ், எல்லா பக்கிளும் போட்டு தோள்பட்டையில பிடிச்சு தூக்கி பாருங்க, காது வரைக்கும் ஏறினா அது பெருசு.

சட்டமும் தெரிஞ்சுக்கோங்க. ஓட்டுறவரு தவிர பின்னாடி பாக்குறதுக்குன்னே இன்னொருத்தர் போட்ல இருந்தே ஆகணும், இழுக்கப்படுற ஒவ்வொருத்தருக்கும் போட்ல உக்கார எடம் இருக்கணும், சூரியன் மறைஞ்சு ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் மறுநாள் விடியுற வரைக்கும் இழுக்கக் கூடாது. ஒன்டாரியோல கரையில இருந்து 30 மீட்டருக்குள்ள 10 கிலோமீட்டர் வேகம் தான், ஸ்கீக்காரங்கள கரையில இருந்து நேரா வெளிய எடுத்துட்டு போக மட்டும் விலக்கு உண்டு. உங்க பையன் கதைக்கு வர்றேன். 12-ல இருந்து 16 வயசுக்குள்ள இருக்கிறவங்க பெரியவங்க மேற்பார்வை இல்லாம 40 ஹெச்பி வரைக்கும் தான் ஓட்டலாம், உங்களுது 50. ஆபரேட்டர் கார்டு எடுத்துட்டு, நீங்க பக்கத்துல உக்காந்தா மீன் பிடிக்க போறப்ப ஓட்டட்டும், நல்லா கத்துக்குவான். தங்கச்சிய பின்னாடி கட்டி இழுக்கிற வேலைய அவன் கையில குடுக்காதீங்க.

பிள்ள தண்ணியில விழுந்தா வேகத்த குறைச்சு, மெதுவா வட்டம் போட்டு வாங்க, பிள்ள எப்பவும் நீங்க உக்காந்திருக்கிற பக்கமா, உங்க கண்ணுக்கு நேரா இருக்கணும். கிட்ட வந்ததும் மோட்டார அணைங்க. நியூட்ரல் போதும்னு நிறைய பேரு நெனைக்கிறாங்க, ஒரு முழங்கை லிவர்ல பட்டா போதும் கியர் விழுந்துடும். சாவிய திருப்பி அணைச்சுட்டு, சத்தம் நின்னுச்சான்னு காதால கேட்டுட்டு அப்புறம் கை குடுங்க. இழுபட்டா மோட்டார அணைக்கிற கில் சுவிட்ச் கயிறு உங்க உடம்புல எப்பவும் மாட்டியிருக்கணும். கயிறு வெளிய கிடக்கும்போது ரிவர்ஸ் போடாதீங்க, ப்ரொப்பெல்லர்ல சுத்திக்கும். மீன்பிடி போட்ல பாதிக்கு ஏணி இருக்காது, பக்கவாட்டுல பிடிச்சு ஏறினா சின்ன போட் ஒரேயடியா சாயும், பின்பக்கம் மாட்டுற மடக்கு ஏணி ஒண்ணு மறக்காம வாங்கிடுங்க.

ரைஸ் லேக் பத்தி ஒண்ணு. நல்ல ஏரி, ஆனா ஆழம் குறைவு, ஆகஸ்ட்ல செடி மண்டிக் கிடக்கும். மோட்டார் பின்னாடி பீச்சுற தண்ணிய அடிக்கடி பாருங்க, அது குறைஞ்சா செடி அடைச்சிருக்குன்னு அர்த்தம். 1854-ல கோபர்க்ல இருந்து பீட்டர்பரோவுக்கு அந்த ஏரிக்கு குறுக்கால ரயில் பாதை போட்டாங்க, பனிக்கட்டி நெருக்கி பாலம் கொஞ்ச வருஷத்துலயே போயிடுச்சு, ஆனா அந்தப் பாதைக்கு போட்ட மேடு ஹார்வுட் ஊர் பக்கத்துல இருந்து இன்னும் தண்ணிக்கு அடியில கிடக்கு. மிதவை போட்டு வெச்சிருப்பாங்க, ஏரியோட ஆழம் காட்டுற சார்ட்டும் பாருங்க, அந்தப் பக்கம் ட்யூப் இழுக்கவே போகாதீங்க.

ஸ்கீ கேட்டீங்க. பிள்ளைங்கள ரெண்டு ஸ்கீயில தூக்கி விட உங்க மோட்டார் போதும். மச்சான் கனமான ஆளா இருந்தா சந்தேகம் தான். பிட்ச், அதாவது ஒரு சுத்துக்கு எத்தனை அங்குலம் முன்னேறும்ங்கிற அளவு, குறைஞ்ச ப்ரொப்பெல்லர் மாட்டினா தூக்குற வலு கூடும், பிட்ச்ச ஒரு அங்குலம் குறைச்சா சுமாரா 200 ஆர்பிஎம் ஏறும், முழு வேகத்துல மேனுவல்ல சொன்ன அளவ தாண்டாம பாத்துக்கோங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரர்கிட்ட 14 அடி போட் இருக்கு, 20 ஹெச்பி, கையால பிடிச்சு ஓட்டுற மோட்டார். ஆறு வயசு பிள்ளைய சின்ன ட்யூப்ல இழுக்கலாம்னு நிக்கிறாரு. எனக்கு மனசே ஒப்பல.

பதில்: உங்க மனசு சொல்றது சரிம்மா, வேண்டாம். கைப்பிடி மோட்டார்ல ஓட்டுறவரு பின்பலகைய ஒட்டி உக்காருவாரு, இழுக்கிற கயிறு அவரு முதுகுக்கு பின்னாடியே ஓடும், ட்யூப் ஒரு பக்கமா இழுக்கும்போது கைப்பிடியும் சேந்து வெட்டும். அந்த மாதிரி போட்ல பின்பலகையும் தாழ்வு, பிள்ள விழுந்துட்டான்னு பதறி சட்டுனு வேகத்த குறைச்சா, நம்ம அலையே பின்னாடி வந்து போட்குள்ள ஏறிடும். ஒரு நாள் மரீனால வாடகைக்கு பான்டூன் போட், அதாவது மிதவை மேல தட்டையா மேடை வெச்ச போட், எடுங்க, ஆனா ட்யூப் இழுக்க விடுவாங்களான்னு மொதல்லயே கேட்டுடுங்க, நெறைய எடத்துல வாடகை போட்ல இழுக்க விடமாட்டாங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 11 வயசு. ஸ்கீயில எழுந்திரிக்கவே முடியல, ஒவ்வொரு தடவையும் மூஞ்சி குப்புற விழுறா. இப்ப வரமாட்டேன்னு அழுறா.

பதில்: பாவம், அவ மேல தப்பே இல்ல. எழுந்து நிக்கணும்னு அவசரப்பட்டு கைப்பிடிய நெஞ்சுக்கு இழுப்பாங்க, ஸ்கீ நுனி தண்ணிக்குள்ள போயிடும், அவ்வளவு தான். இந்த விளையாட்டையே கண்டுபிடிச்ச ரால்ப் சாமுவேல்சன்னும் இப்படித்தான் விழுந்திருக்காரு. 1922-ல, மின்னசோட்டாவுல லேக் பெப்பின்னு ஒரு ஏரி, அவருக்கு 18 வயசு, பீப்பாய் பலகைய கால்ல கட்டி பாத்தாரு, பனிச்சறுக்கு ஸ்கீய கட்டி பாத்தாரு, எதுவும் ஆகல. அப்புறம் அகலமா பலகை செஞ்சு, துணி காயப்போடுற கயிற பிடிச்சுக்கிட்டு, நுனிய தண்ணிக்கு மேல தூக்கி வெச்சு பின்பக்கமா சாஞ்சப்ப தான் எழுந்தாரு. இந்தக் கதைய பொண்ணுக்கு சொல்லுங்க.

மொதல்ல கரையில, புல்லுல உக்கார வெச்சு பழக்குங்க. முட்டி நெஞ்சோட ஒட்டி, கை நேரா நீட்டி, கயிறு ரெண்டு ஸ்கீக்கும் நடுவுல. நீங்க கயிற மெதுவா இழுக்க, அவ இழுக்காம பிடிச்சுட்டு மட்டும் இருக்கணும், தானா எழுந்து வருவா. அது கைக்கு வந்த பிறகு தண்ணிக்கு போங்க. ஸ்கீ ரெண்டோட நுனியையும் சின்ன கயிறால கட்டி விட்டா கால் விரியாது, சின்னவங்க ஸ்கீயில அதுக்கு ஓட்டை இருக்கும். போட்ட கயிறு இறுகுற வரைக்கும் மெதுவா நகத்தி, அவ ரெடின்னு கத்தின பிறகு சீரா வேகத்த ஏத்துங்க, வெடுக்குனு இழுக்காதீங்க. அவ எடைக்கு 20-ல இருந்து 25 கிலோமீட்டர் போதும். கட்டைவிரல் மேல காட்டினா வேகம் கூட்டணும், கீழ காட்டினா குறைக்கணும், கழுத்துக்கு குறுக்கால கைய வெட்டினா நிறுத்தணும், விழுந்த பிறகு ரெண்டு கையையும் தலைக்கு மேல கோத்து காட்டினா அடி படலன்னு அர்த்தம். நாலஞ்சு தடவை விழுந்ததும் கரைக்கு கூட்டிட்டு வந்து டவல் போத்தி, சூடா ஏதாவது குடுங்க, கை வலிச்சு குளிர்ல நடுங்குற பிள்ளைக்கு ஆறாவது தடவையும் வராது. மறுநாள் காலையில காத்து இல்லாம ஏரி கண்ணாடி மாதிரி இருக்கிற நேரத்துல, அவளா கேட்டா மட்டும் திரும்ப எடுத்துட்டு போங்க.