யாரம்மா நம் பிள்ளைகள்?

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். யூசோஃப் இஷாக் பள்ளிவாசல் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். பதின்ம வயதுப் பிள்ளைகள்கூட இணையத்தைப் பார்த்து மதத் தீவிரவாதத்தில் விழுகிறார்களாம். விசாரணையின்றிப் பிடித்து வைக்கும் நம் சட்டம் சரியா, இன்னும் கடுமை வேண்டுமா? அந்தச் சட்டமே தப்பு என்கிற என் தம்பிக்கு என்ன சொல்வது? நம் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து இல்லை என்றாலும், என் 15 வயது மகன் வெளியே போய் வரும்வரை பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சட்டத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘நம் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து இல்லை என்றாலும்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைத் தாண்ட முடியவில்லை.

யாரம்மா நம் பிள்ளைகள்? 2020 டிசம்பரில் ஒரு 16 வயது மாணவனை, நீங்கள் கேட்ட அதே சட்டத்தில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். இந்திய இனம், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, அந்தப் படுகொலையின் இரண்டாம் ஆண்டு நாளான 2021 மார்ச் 15 அன்று இரண்டு பள்ளிவாசல்களில் புகுந்து வெட்டுவதாகத் திட்டம். ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் காணொளிகளைப் பார்த்துவிட்டு இதுதான் இஸ்லாம் என்று முடிவுகட்டியவன். ஒன்று அஸ்ஸியாஃபா பள்ளிவாசல். இன்னொன்று உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறதே, அதேதான்.

அந்தச் செய்தி வந்த வாரம் மின்தூக்கியில் யாராவது உங்களை நிறுத்தி, ‘உங்கள் ஆட்கள் ஏன் இப்படி?’ என்று கேட்டார்களா? என்னை யாரும் கேட்கவில்லை. என் நண்பர் ஒருவர் செய்தியைப் படித்ததும் சொன்னது, ‘தமிழனாக இருக்க மாட்டான்.’ அடுத்து, ‘எப்படியும் இந்து இல்லையே.’ இரண்டே வாக்கியத்தில் கையைக் கழுவிவிட்டு கோப்பி குடிக்கப் போய்விட்டார்.

2002 ஜனவரியில், இங்கே குண்டு வைக்கத் திட்டமிட்ட ஜெமா இஸ்லாமியா என்ற பயங்கரவாதக் கும்பலின் ஆட்களைக் கைது செய்ததாக அரசு அறிவித்தபோது நான் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டில் இருந்தேன். எங்கள் சூப்பர்வைசர் ஒரு மலாய்க்கார அம்மா. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், கோபக்காரி, ஓவர்டைம் கணக்கில் ஒரு வெள்ளி குறைந்தாலும் நமக்காக ஆபீஸில் போய்ச் சண்டை போடுவார். அன்று சாப்பாட்டு நேரத்தில் நம் ஆள் ஒருவன், சிரித்துக்கொண்டேதான், ‘உங்கள் பள்ளிவாசலில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?’ என்று கேட்டான். அந்த அம்மா ஸ்பூனை வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார். அடுத்த மேசைக்காரர்களும் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். மறுநாள் வேறொருவன். அப்புறம் இன்னொருவன். யாரையும் அதட்டுகிற அந்தக் குரல் அந்த மாதம் முழுக்க இறங்கியே இருந்தது. இத்தனைக்கும் அந்தக் கும்பல் குறிவைத்த இடங்களில் ஈசூன் எம்ஆர்டி நிலையமும் ஒன்று, அமெரிக்கக் கடற்படையினரின் பேருந்து வந்து நிற்கும் இடம் என்பதால். அந்த அம்மா தினமும் ரயில் ஏறியது அங்கேதான். குண்டு வெடித்திருந்தால் கேள்வி கேட்டவனுக்கு முன்னால் அவர்தான் செத்திருப்பார்.

பதில் சொல்லிச் சொல்லியே அந்த முஸ்லிம் சமூகம் சிலவற்றைச் செய்தது. 2003இல் உஸ்தாஸ்கள், அதாவது மார்க்க ஆசிரியர்கள், சேர்ந்து சமய மறுவாழ்வுக் குழுவை அமைத்தார்கள். தொண்டூழியமாகத் தடுப்புக்காவலுக்குள் போய், குண்டு வைக்கத் துணிந்தவர்களோடு உட்கார்ந்து மார்க்கம் பேசினார்கள். நம்மை யாரும் கேட்காததால் நாம் எதையும் செய்யவில்லை. நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற விஷத்தை ‘ஃபார்வர்ட்தானே’ என்று விட்டுவிடுகிறோம். உங்கள் குழுவிலும் வந்திருக்கும், பாருங்கள்.

இலங்கையில் 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுகளுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் தமிழில் பிரசங்கம் செய்தவன். அவனைப் பற்றி முதலில் போலீஸுக்குப் புகார் கொடுத்தவர்கள் அவனுடைய ஊரான காத்தான்குடியின் முஸ்லிம்களேதான். இந்தியாவிலிருந்தும் முன்கூட்டியே எச்சரிக்கை போனது. அரசு எதையும் காதில் வாங்கவில்லை. 250 பேருக்கு மேல் செத்த பிறகு முகத்தை மூடத் தடை போட்டார்கள். மே மாதம் கும்பல்கள் முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசல்களையும் உடைத்தன. மறுவருடம் அஹ்னாஃப் ஜஸீம் என்ற இளம் கவிஞரைத் தமிழில் கவிதை எழுதியதற்காகப் பிடித்து ஒன்றரை ஆண்டு வைத்திருந்தார்கள், கடைசியில் 2023இல் நீதிமன்றம் விடுவித்தது. கடுமை வேண்டுமா என்று கேட்டீர்களே, இதுவும் கடுமைதான். புகார் கொடுத்தவர்களையே குற்றவாளியாக்கினால் அடுத்த முறை யார் வந்து சொல்வார்கள்?

சரி, உங்கள் சட்டக் கேள்வி. விசாரணையில்லாக் காவலை என்னால் மெச்ச முடியாது, அதே சமயம் அந்தப் பையனை மார்ச் 15 வரை வெளியே விட்டு வைத்திருக்கலாம் என்றும் சொல்ல மாட்டேன். 2024 ஜனவரியில் கட்டுப்பாடுகளோடு அவனை விடுவித்தார்கள். 1987இல் ‘மார்க்சியச் சதி’ என்று சொல்லித் தேவாலயத் தொண்டர்களையும் இதே சட்டத்தில்தான் பிடித்தார்கள், உங்கள் தம்பி அதை நினைத்துப் பேசியிருந்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவரோடு சண்டை போடாதீர்கள்.

மகனைப் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது, நானும் பிள்ளை வளர்த்தவன். ஆனால் அவன் வெளியே போவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு யாருடைய காணொளிகளைப் பார்க்கிறான், யார்மேல் அவனுக்குக் கோபம் என்று ஒருநாள் சாப்பிடும்போது கேளுங்கள். அலைபேசியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம், கேட்டாலே போதும். பதில் சொல்லும்போது மட்டும் குறுக்கே பேசாதீர்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்று தோன்றுகிறது.