'புட் ஆஃப்'னா தள்ளிப்போடறதா, இல்ல பிடிக்காம போறதா?

ரெண்டும்தான். எது எங்கன்னு கண்டுபிடிக்க, புட் ஆஃப் பண்ணது எதைன்னு பாருங்க, வேலையா ஆளான்னு. மீட்டிங், கல்யாணம், பரீட்சை மாதிரி ஒண்ணுன்னா தள்ளி வைக்கிறது. 'தே புட் ஆஃப் த வெட்டிங்'னா தேதி மாறியிருக்கு, அவ்ளோதான், கல்யாணமே நின்னுபோச்சுன்னா அதுக்கு 'கால் ஆஃப்', இத மாத்தி சொல்லிட்டீங்கன்னா சொந்தக்காரங்க போன் மேல போன் போட்டு உங்கள ஒரு வழி பண்ணிடுவாங்க.

ஆள் வந்தா பெரும்பாலும் வெறுப்பு. 'த ஸ்மெல் புட் மி ஆஃப்'னா அந்த நாத்தத்துல சாப்பிடற ஆசையே போயிடுச்சுன்னு அர்த்தம். இங்க புட் இறந்தகாலம், மூணு காலத்துக்கும் அதே புட்தான், புட்டட்னு ஒண்ணு கிடையாது.

ஆனா இந்த ஆள் கணக்கு ரெண்டு இடத்துல உதைக்கும். குடுத்த கடன திருப்பி கேக்குறீங்க, அவரு இந்த வாரம் அடுத்த வாரம்னு இழுத்தடிக்கிறாரு, அதுக்கும் 'ஹி கீப்ஸ் புட்டிங் மி ஆஃப்'தான். கேரம்ல ஸ்ட்ரைக்கர வச்சு குறி பாக்கும்போது பக்கத்துல ஒருத்தன் சிரிச்சிட்டே இருந்தா 'ஸ்டாப் இட், யூ ஆர் புட்டிங் மி ஆஃப்', இங்க கவனத்த கலைக்கிறது. இதெல்லாம் முன்ன பின்ன என்ன பேச்சு ஓடுதுன்னு பாத்துதான் பிடிக்கணும், வேற வழியில்ல.

இலக்கணத்துல ரெண்டே விஷயம். 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தப்பு, இட், மி, தெம் மாதிரி வந்தா நடுவுலதான் உக்காரும். அப்புறம் 'ஐ புட் ஆஃப் டு கோ'ன்னு நிறைய பேர் எழுதறாங்க, 'கோயிங்'னுதான் வரணும். நாமளே 'போக தள்ளிப்போட்டேன்'னா சொல்றோம், 'போறத தள்ளிப்போட்டேன்'னுதான சொல்றோம், அந்த 'போறத'தான் கோயிங்.

லைட்ட அணைக்கிறதுக்கு 'புட் ஆஃப் த லைட்'னு சொன்னா தப்புன்னு சிலர் சண்டைக்கு வருவாங்க, பிரிட்டிஷ் டிக்‌ஷனரிலயே அது இருக்கு, கண்டுக்காதீங்க.

ஆபீஸ் மெயில்னா 'போஸ்ட்போன்' போடுங்க, கொஞ்சம் மரியாதையா தெரியும். முன்னாடி கொண்டு வர்றதுக்கு நாம சொல்ற 'ப்ரீபோன்' வெளிநாட்டு கிளையன்ட் சிலருக்கு புரியாது, அவங்களுக்கு 'பிரிங் ஃபார்வர்ட்'னே எழுதிடுங்க.